சம்பளத்துக்கு முன் சதவீதத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் முனைவர் பட்டம் படிக்கும் மாணவர்கள் பலருக்கும் சோறு போடுவது உதவி ஆசிரியர் வேலைதான். நியமனக் கடிதத்தில் "50 சதவீதம்" என்றிருந்தால், வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேர வேலை என்று பொருள். வகுப்பு மட்டுமல்ல, தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம், மாணவர் சந்திப்பு எல்லாமே அதற்குள் அடக்கம். பேராசிரியர்கள் சிலருக்கு இது மறந்துபோகும். நேரக் கணக்கைக் குறித்துவைப்பது நல்லது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் கல்விப் பருவத்தின்போது வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. நூலகத்தில் சிறு வேலை சேர்த்துக்கொண்டாலும் மொத்தமாகத்தான் கணக்கு. விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 25 சதவீத நியமனத்துக்கே கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணமும் அதில் அடங்குமா என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பெரிய தொகை அது. தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களுக்கு, இந்த வேலைக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் இருக்கலாம்.

சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. இந்திய மாணவர்களுக்கு ஓர் அனுகூலம்: இரு நாட்டு வரி உடன்படிக்கையின் 21-வது பிரிவின்படி வரிக் கணக்கில் நிலையான கழிவை (standard deduction) கோரலாம். பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

தொழிற்சங்க ஒப்பந்தத்தையும் புரட்டிப் பாருங்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தே ஊதிய உயர்வு பெற்றார்கள்.