சீரிஸ் இழந்த பட்டம்

கேள்வி: புளூட்டோவைப் போல், கிரகப் பதவியை இழந்தது வேறு ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே, நட்சத்திரப் பட்டியல் ஒன்றைச் சிரத்தையோடு தயாரித்துவந்த பியாஸி என்னும் பாதிரியார், ரிஷப ராசியில் கண்ட ஒரு மங்கலான ஒளிப்புள்ளி, அடுத்தடுத்த இரவுகளில் இடம் பெயர்ந்து நிற்கக் கண்டு வியந்தாரே, அதுதான் சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கிரகம் இருந்தே தீருமென்று காத்திருந்த பண்டிதர்கள் அதனைத் தயக்கமின்றி வரிசையிலே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என 1807-க்குள் அதே பிராந்தியத்தில் மூன்று தோன்றி, 1845-க்குப் பிறகோ புதியவை மேன்மேலும் பெருகி, கிரகங்களின் ஜாபிதா அனுமார் வாலாக நீளவே, எந்தச் சபையும் கூடித் தீர்ப்பளிக்காமல், வழக்கத்தினாலேயே அவை சிறுகோள்களென்று ஒதுக்கப்பட்டன.

சூரியனைச் சுற்றவேண்டும், சொந்த ஈர்ப்பினால் உருண்டு திரண்டிருக்கவேண்டும், தன் பாதையிலிருந்து ஏனைய பொருள்களை அகற்றியிருக்கவேண்டும் என்று கிரகத்துக்கு விதித்த மூன்று நிபந்தனைகள், 2006-ல் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் சங்கத்தில்தான் பிறந்தன. மூன்றாவதிலே புளூட்டோவும் சீரிஸும் ஒருங்கே தவறின. அகற்றுதல் என்பதற்கு அளவு கூறாத அந்த நிபந்தனை எனக்கு அவ்வளவு திருப்தி தருவதன்று. ஆயினும் ஏறக்குறைய 940 கிலோமீட்டர் குறுக்களவும் உருண்டை வடிவமும் உடைய சீரிஸுக்கு, குறுங்கோள் என்னும் பதவி உயர்வு அன்றே கிடைத்தது.