கணிப்பொறிக்குப் புதிய கூலர் தேவையா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

வெயிலில் உழைப்பவருக்கு வியர்க்கிறது, உடல் குளிர்கிறது. கணிப்பொறியின் மூளையாகிய பிராசசருக்கு வியர்வை ஏது? அதில் செலவாகும் மின்சாரம் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றவே உலோகத் தகடுகளும் விசிறியும் கொண்ட 'கூலர்' அதன்மேல் பொருத்தப்படுகிறது.

என் தந்தையார் ஸ்டூடியோ நடத்துகிறார். சென்ற மே மாதம், திருமண வீடியோவைத் தொகுக்கும்போதெல்லாம் கணிப்பொறி இரைந்தது, வேலையும் தாமதமாயிற்று. கடைக்காரர், "3,000 ரூபாயில் புதிய கூலர் போடுங்கள்" என்றார். ஜூன் மாதத்தில் எங்கள் இருவருக்கும் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும். ஆகவே, முதலில் காரணத்தை ஆராய்வோம் என்றேன்.

எங்களுடையது ஏ.எம்.டி. ரைசன் 5 5600. இது 65 வாட் வகை. கூலரும் அதன் பெட்டியிலேயே வருகிறது. இதன் வெப்ப எல்லை 90 டிகிரி செல்சியஸ். எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை தாமதமானதற்கு இதுவே காரணமாக இருக்குமோ?

வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருளைக் கொண்டு அரைமணி நேரம் கவனித்தோம். 90 டிகிரி காட்டியது! பெட்டியைத் திறந்தால், கூலர் தகடுகளின் இடையே பஞ்சுபோல் தூசி. மின்இணைப்பைத் துண்டித்துத் தூசியை அகற்றினோம். காய்ந்துபோன பழைய பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் இட்டோம். மேசையின் மூடிய அறையிலிருந்து பெட்டியை வெளியே வைத்தோம். அதே வேலை, அதே 36 டிகிரி அறை. இப்போது 81 டிகிரிதான். வேகமும் குறையவில்லை.

இங்கே ஓர் அறிவியல் உண்மை உண்டு. காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்திற்குக் கீழே பிராசசரைக் கொண்டுசெல்ல இயலாது. அறை 10 டிகிரி சூடேறினால் பிராசசரும் ஏறத்தாழ அவ்வளவே சூடேறும். எனவே மார்கழிக் குளிரில் அளந்து முடிவு செய்தல் தவறு. கோடையில், நாம் செய்யும் வேலையைக் கொண்டே அளக்கவேண்டும்.

அப்படியாயின் தனிக் கூலர் யாருக்குத் தேவை? ஒன்று, கூலர் இல்லாமலே விற்கப்படும் பிராசசருக்கு. 105 வாட் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ் அத்தகையது. இரண்டு, தூய்மை செய்த பின்னும் எல்லையைத் தொட்டு வேகம் குறைந்தால். மூன்று, விசிறியின் இரைச்சல் வேலைக்கு இடையூறானால். அப்போதும் மதர்போர்டின் சாக்கெட்டுக்கு அது பொருந்துமா, பெட்டிக்குள் அதன் உயரம் அடங்குமா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

தோழியரே, நோயறியாமல் மருந்து வாங்குவார் உண்டோ? எங்களுக்குச் செலவு, ஒரு சிறு குழாய்ப் பசையின் விலை மட்டுமே. ஜூன் மாதக் கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது. முதலில் அளப்போம், பிறகு வாங்குவோம்!