கழுகு போட்ட காசு

கேள்வி: சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். பழைய காசு சேர்ப்பதில் ஆசை. பெங்களூரில் ஒருவர் 1768-ஆம் வருட நூரம்பர்க் வெள்ளிக்காசு என்று ஒன்றைக் காட்டுகிறார். ஒரு பக்கம் ஊர்த் தோற்றம், மறுபக்கம் இருதலைக் கழுகு. வாங்கலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அப்படி ஒரு தாலர் (பெரிய வெள்ளிக்காசு) உண்மையிலேயே உண்டு. போலிகளும் தாராளமாக உண்டு. ஆனால் டையும் காஸ்டிங்கும் தெரிந்த உங்களை ஏமாற்றுவது கஷ்டம். வார்த்த காசில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் பொடிக்குழிகள் தெரியும், விளிம்பில் இணைப்புக் கோட்டை அராவிய தடம் இருக்கும்.

எடை 28 கிராம் இருக்க வேண்டும். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து ஜீரோ செய்துவிட்டு, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். 2.75 கிராம் வாக்கில் காட்டினால் சரி. 3-ஐத் தாண்டினால் அது வெள்ளியே அல்ல. வெள்ளியிலேயே செய்த நகல் இதில் தப்பிவிடும். அங்கே உங்கள் லென்ஸ்தான் பேச வேண்டும்.

கழுகைச் சுற்றி இரண்டாம் ஜோசப் பேரரசரின் பெயர் இருக்கும். நூரம்பர்க்கை ஆண்டது அந்த ஊர் மன்றம்தான். காசில் மட்டும் பேரரசர். இந்தக் கூத்து நம் பக்கமும் நடந்தது. ஆங்கிலேயக் கம்பெனி ஆற்காடு ரூபாயை முகலாயர் இரண்டாம் ஆலம்கீர் பெயரில் அடித்தது, அவர் 1759-இல் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும்! திப்பு சுல்தானோ முகலாயர் பெயரே வேண்டாம் என்று தூக்கிப் போட்டார்.

அதனால் என் யோசனை: ஜெர்மன் காசு பிறகு இருக்கட்டும், திப்புவின் ரூபாயில் தொடங்குங்கள். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792 வரை அவரிடம் இருந்தது; உங்கள் ஓசூர் 1799 வரை மைசூர்ச் சீமை. ஒரு ரூபாய்க்கு அவர் வைத்த பெயர் இமாமி, சுமார் 11.4 கிராம். இரண்டு ரூபாய் ஐதரி. பார்க்க அழகு, அதனாலேயே போலியும் அதிகம். பிற்காலக் காசுகளில் வருடத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 6121 என்று தெரிந்தால் அது திப்புவின் மௌலூதி ஆண்டுக் கணக்கில் 1216. விற்பவரிடமே வருடத்தைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் 1921-இல் ஐதர் அலி, திப்பு காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். காசுக்கு முன் அதை வாங்குங்கள்.