மீன்சுருட்டி இளம் இயக்குநருக்கு: டங்கனின் விளக்கும் சண்டேசரின் முகமும்

எல்லிஸ் ஆர். டங்கன் 1909இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர், உடன் படித்த மாணிக் லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். 1936இல் வெளியான ‘சதிலீலாவதி’ அவருடைய முதல் தமிழ்ப் படம், எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். தமிழ் தெரியாமல் தமிழ்ப் படம் இயக்கிய கதையை எல்லோரும் சொல்லியாயிற்று. ஒரு முகத்தில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதம்தான் இளம் இயக்குநர் கற்க வேண்டிய பாடம்.

1945இல் வந்த ‘மீரா’வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்று பிளாஸ்டரில் செய்யப்பட்டது. டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அதன்மேல் விளக்கை ஏற்றி இறக்கி, கேமராவை இடம் மாற்றிப் படமெடுத்துப் பார்த்தார்கள். எந்தக் கோணம், எவ்வளவு வெளிச்சம் என்பது அந்தச் சிலையில் தீர்மானமானது. அந்தப் படத்தில் எம்.எஸ்ஸின் முகம் அப்படித் துலங்குவதற்கு இந்த உழைப்பே காரணம்.

மீன்சுருட்டி இளைஞர் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எடுத்த குறும்படத்தில் இந்த உழைப்பு இல்லை. அங்குள்ள கோயிலின் வடக்கு வாசலருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியை உச்சி வெயிலில் எடுத்திருக்கிறார். சிவன் குனிந்து தன் அடியார் சண்டேசரின் தலையில் மாலை சுற்றுகிறார். பணிந்த அந்த முகத்தில்தான் சிற்பத்தின் உயிரே இருக்கிறது. படத்தில் புருவத்துக்குக் கீழே வெறும் கறுப்பு. டங்கன் வெளிச்சம் பார்க்கவென்றே ஒரு சிலை செய்ய வேண்டியிருந்தது. இவருக்கோ ராஜேந்திர சோழன் காலத்துச் சிலையே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

அடுத்தது ட்ரோன். கோயில் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தக் கோயில் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கக் கட்டப்பட்டது. மேலிருந்து பார்த்தால் அதன் உயரம் செத்துவிடுகிறது. கல்யாண வீடியோவிலும் இதே ட்ரோன் பறக்கிறது என்பது இன்னும் எரிச்சல்.

குறும்படத்தில் பாராட்டவும் ஒன்று உண்டு. டங்கனின் ‘அம்பிகாபதி’ (1937) கம்பர் மகனுக்கும் சோழ இளவரசிக்குமான காதல் கதை. ஜெயங்கொண்டம் வட்டாரத்து டூரிங் கொட்டகைகளில் மணலைக் குவித்து உட்கார்ந்து பழைய படம் பார்த்தவர்களுக்குச் சோழ அரண்மனை என்றால் அட்டையும் துணியும்தான். பக்கத்திலேயே மாளிகைமேட்டில் உண்மையான அரண்மனையின் செங்கல் அடித்தளம் கிடந்தும், அதை நினைத்துப் பார்த்தவர் குறைவு. இந்த இளைஞர் அங்கே கேமராவைக் கொண்டுபோனார். பொன்னேரிக் கரையில் மாடு ஓட்டி வரும் பெரியவரின் காட்சி அபாரம். பெரிய இயக்குநர்களுக்கும் வாய்க்காத காட்சி அது.

1950இல் ‘பொன்முடி’, ‘மந்திரி குமாரி’ ஆகியவற்றோடு டங்கனின் தமிழ்ப் பட வாழ்க்கை முடிந்தது. ‘மந்திரி குமாரி’யைத் தயாரிப்பாளர் டி.ஆர். சுந்தரம் முடித்துக் கொடுத்தார். டங்கன் அமெரிக்கா திரும்பி ஆவணப் படங்கள் எடுத்தார், 2001இல் காலமானார்.

குறும்படத்தை வெளியூர்களுக்கு அனுப்புமுன் இளம் இயக்குநர் வடக்கு வாசலுக்கு மறுபடி போக வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அங்கேயே இருந்து, சண்டேசரின் முகம் தெளியும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.