டிரைவர் ஷாஃப்ட் உங்களுக்குப் பொருந்துகிறதா?

கோல்ஃப் டிரைவரின் ஷாஃப்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். எல் நன்றாக வளையும். எக்ஸ் விறைப்பாக நிற்கும். மணிக்கு ஏறக்குறைய 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுபவருக்கு ஆர், அதற்கு மேல் 105 வரை எஸ் என்பது பொதுவான கணக்கு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ஒருவரின் ஆர் இன்னொருவரின் எஸ் போல விறைக்கும். எழுத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பந்தைத் தொடும் நொடியில் ஷாஃப்ட் சற்று முன்னோக்கி வளைந்திருக்கும். கிளப்பின் முகமும் அந்த அளவுக்கு மேல்நோக்கிச் சாயும். வளைவு மிஞ்சினால் பந்து உயரே ஏறி, சுழற்சி கூடி, வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். விறைப்பு மிஞ்சினால் தாழப் பறந்து வலப்பக்கம் நழுவும். இரண்டிலும் தூரம் பறிபோகும்.

ஷாஃப்டைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. பந்தில் வெள்ளைப்பலகை மார்க்கரால் பெரிய புள்ளி வைத்து, அது கிளப் முகத்தில் படும்படி டீயில் நிறுத்தி அடியுங்கள். மை எங்கே ஒட்டியிருக்கிறது? ஓரத்தில் என்றால் முதலில் சரிசெய்ய வேண்டியது உங்கள் அடியைத்தான். பத்து அடியிலும் மை நடுவில் விழுந்து, பந்து மட்டும் எழும்பவில்லையா? பந்தின் பறத்தலை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவி உள்ள இடத்தில் ஒரு படி இளகிய ஷாஃப்டைப் போட்டு அடித்துப் பாருங்கள். கிளப்பின் தலையும் பந்தும் மாறக் கூடாது. வயதில் வேகம் தளர்ந்த பிறகும் பழைய எஸ்ஸை விடாமல் தோளை வருத்திக்கொள்பவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.