கீரைக்கட்டை எந்தத் தண்ணியில நனைக்கிறே?

தறி வேலை கம்மியா இருக்கிற மாசத்துக்குக் கைகொடுக்கும்னு கீரையும் கொத்தமல்லியும் போடப் போறேன்னு சொன்னியே தங்கச்சி, நல்ல யோசனைதான். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. 2006-ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் கடை, ஓட்டல் மாதிரி உணவுத் தொழிலுக்குத்தான். விவசாயியையும் அவங்க வயல் விளைச்சலையும் அது தொடாது. அதனால வயல்ல உன்னைக் கேள்வி கேட்க வேண்டியவ நீயேதான்.

முதல்ல தண்ணி. அறுத்த கட்டு வாடாம இருக்கணும்னு பக்கத்து வாய்க்கால்ல முக்கி எடுப்பாங்க பாரு, எனக்குப் பெரிய பயமே அதுதான். வயல்ல சுத்தமா வளர்ந்ததை வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி சாக்கடையில நனைக்கிற வேலை அது. கீரையாவது அடுப்புல வேகும். கொத்தமல்லி ரசத்து மேல பச்சையா விழும். நீ குடிக்கத் தயங்குற தண்ணியைக் கட்டு மேல தெளிக்காதே. கோரா பட்டு நூலை வேகவைச்ச சோப்புத் தண்ணி, சாயத்தண்ணி ஓடுற கால்வாய்ல இருந்து பாசனமும் வேண்டாம். சாயம் கண்ணுக்குத் தெரியும், கிருமி தெரியாது.

அடுத்தது எரு. பச்சைச் சாணத்துல வயித்தைக் கெடுக்கிற கிருமி இருக்கும். அமெரிக்காவுல இயற்கை விவசாயச் சான்று வேணும்னா, மண்ணைத் தொட்டு வளர்ற விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டு 120 நாள் கழிச்சுத்தான் அறுக்கணும். நம்ம சிறுகீரை ஒரு மாசத்துலயே கட்டாகிடும். அப்போ கீரைப் பாத்திக்கு நல்லா மக்கின எரு மட்டும்தான். சாணம் கரைச்ச ஜீவாமிர்தம் ஊத்துறியா, வேர்ல ஊத்து. இலை மேல தெளிச்சுட்டு மறுநாள் அறுக்காதே. இயற்கைன்னு சொன்னா கிருமி ஒதுங்கிப் போயிடாது.

இதெல்லாம் அதிகம்னு தோணுதா? 2011-ல ஜெர்மனியில முளைகட்டின வெந்தயத்தால பரவின ஈ.கோலை கிருமி ஐம்பது பேருக்கு மேல பலி வாங்குச்சு. வெந்தயம்தான், நம்ம அஞ்சறைப் பெட்டியில இருக்கிறதேதான்.

பூச்சிமருந்து அடிச்சா, டப்பாவோட வர்ற சீட்டுல எத்தனை நாள் கழிச்சு அறுக்கணும்னு போட்டிருக்கும்; அதைப் படி. மோனோகுரோட்டோபாஸ்ங்கிற மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005-லயே தடை போட்டாச்சு. கடைக்காரர் எடுத்து நீட்டினாலும் வாங்காதே.

அறுக்க வர்றவங்களுக்கு சோப்பும் தண்ணியும் வரப்புலயே வை. யாருக்காவது வயித்துப்போக்குன்னா, அன்னிக்குக் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடு. கூலியைப் பிடிச்சா அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க.