பழைய வீடு தந்த பாடங்கள்



சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க உறுப்பினர்கள் மூவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், ரிடையர் ஆனதும் பழைய வீடு வாங்கிச் சரி பண்ணிக்கலாமா?" பந்தியில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. ஆகவே இக்கட்டுரை. இதில் என் தொழிலறிவு பாதி, என் தவறுகள் பாதி.

நான் 1981-ல் சிவில் டிப்ளமா முடித்து, 1983-ல் ரயில்வேயில் சேர்ந்து, 2021-ல் ஓய்வு பெற்றவன். பெரும்பகுதிக் காலம் நாக்பூரைச் சுற்றிப் பாதையும் பாலமும் பராமரிக்கும் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்தாக வேண்டும். சொந்த ஊர் போகலாமென்றால் மகனுக்கு வேலை இங்கே, பேரனுக்குப் பள்ளி இங்கே. கையிலிருந்த பணத்துக்கு 1989-ல் கட்டிய சிறிய தனி வீடு ஒன்று அமைந்தது. பத்திரம் பதிந்தது 2021 டிசம்பரில். மராமத்துக்கு நாலரை லட்சம் ஒதுக்கினேன். முடிந்தபோது ஆறே முக்கால் லட்சம் ஆகியிருந்தது. மிகுதி இரண்டேகால் லட்சத்தில் பாதியாவது என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்.

பாடம் 1: தட்டிப் பார்த்து வாங்குங்கள்

ரயில் பெட்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். பழைய வீட்டுக்கும் அதே வைத்தியம்தான். ஒரு சிறு சுத்தியலால் சுவரையும் மேல்தளத்தின் அடிப்பக்கத்தையும் மெல்லத் தட்டுங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நலம். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அல்லது உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இரும்பு துருவானால் பருமன் பல மடங்காகும். காங்கிரீட் உடைவது அதனால்தான்.

எங்கள் குளியலறை மேல்தளத்தில் இரண்டு இடத்தில் 'டொப்' கேட்டது. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம். மேலே வெறும் பெயிண்ட் அடித்திருந்தால் ஓராண்டில் மீண்டும் தலையில் விழும். நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதே முதல் வேலை. கம்பிக்கு வைத்தியம் அதற்குப் பிறகு.

பாடம் 2: எந்தச் சுவர் சுமக்கிறது?

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகத் தெரியும் என்றான் மகன். அளந்து பார்த்தோம், பூச்சு நீங்கலாக ஒன்பது அங்குலம். மேல்தளம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. தூணும் உத்தரமும் இல்லாமல் கட்டிய அக்கால வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவர்தான் தூண். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஆனால் அதையும் விசாரிக்காமல் இடிக்கக் கூடாது. "இடிக்கறதுக்கு மிஸ்திரி தயாரா இருக்காரேப்பா" என்றான் மகன். இடிக்க எந்த மிஸ்திரியும் தயார்தான்! பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் சுவரில் கை வைக்காதீர்கள்.

பாடம் 3: விரிசலுக்குத் தேதி போடுங்கள்

இதுதான் என் தலைகுனிவு.

நாக்பூர் மண் கரிசல். நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழையில் அஸ்திவாரத்தைத் தூக்கும், கோடையில் கைவிடும். ஆகவே இந்த ஊர் வீடுகளில் விரிசல் இல்லாத சுவர் அபூர்வம். எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழைகள் வெறும் பூச்சு விரிசல்கள். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடினால், வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் பெரும்பாலும் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுபோல் இறங்கினால் அஸ்திவாரம் அசைகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் படுக்கையறை விரிசல் மூன்றாவது வகை. 2022 ஏப்ரலில் மகன் கேட்டான்: "அப்பா, இதுக்குக் கண்ணாடி வைக்க வேண்டாமா? சின்ன வயசுல பாலத்துல காட்டினீங்களே?"

பாலத்தில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதித்துத் தேதி எழுதுவோம். அதற்கு 'டெல்-டேல்' என்று பெயர். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடிருக்கிறது என்று பொருள். முப்பத்தெட்டு வருடம் அந்தக் கண்ணாடிகளைப் பார்த்தவன் நான், மகனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பாலத்துக்குடா. வைகாசியில முகூர்த்தம் வச்சாச்சு. பூசச் சொல்லு."

பூசினார்கள். பெயிண்டும் அடித்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் சுவரைப் பாராட்டினார்கள். ஆகஸ்டில் பெயிண்ட் உப்பியது. கதவு நிலையில் இறுகியது. 2023 ஏப்ரலில் பழைய விரிசல் அதே இடத்தில் வாய் பிளந்தது. என் மனைவி ஒரு ரூபாய் நாணயத்தை அதில் செருகிக் காட்டினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

2023 ஜூனில் முறைப்படி தொடங்கினோம். விரிசலின் மூன்று இடங்களில் பூச்சை நீக்கி, செங்கல்லின் மேல் கண்ணாடி பதித்துத் தேதி எழுதினோம். மாதம் முதல் தேதி பார்த்து நோட்டில் குறிப்பது பேரன் பொறுப்பு. 2024 பிப்ரவரியில், "தாத்தா, மூணாம் நம்பர் உடைஞ்சிருக்கு" என்று ஓடிவந்தான். மற்ற இரண்டும் முழுசாக இருந்தன. வெளியே போய்ப் பார்த்தேன். மூன்றாம் கண்ணாடிக்கு நேர் பின்னால், மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சுவர் அடியிலேயே முடிந்திருந்தது. அந்த மூலை மட்டும் மழையில் ஊறி உப்பி, கோடையில் சுருங்கி, சுவரை ஆட்டிக்கொண்டிருந்தது.

குழாயை நீட்டி வடிகாலில் விட்டோம். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் தளம் போட்டோம். புதுக் கண்ணாடி வைத்தோம். ஒரு மழை, ஒரு கோடை கடந்தும் அது உடையவில்லை. அதன்பிறகே விரிசலை வெட்டிச் சுத்தம் செய்து, வலை பதித்துப் பூசினோம். ஓராண்டு பொறுத்திருந்தால் ஒரே பூச்சோடு போயிருக்கும்.

பாடம் 4: மூன்றாவது ஓட்டை

இது பணக்கணக்கில் அடங்காத பாடம். ஸ்விட்சுகள் பளபளவென்றிருந்ததால் வயரிங் நன்றாக இருக்கும் என்று எண்ணி அந்தச் செலவை மிச்சம் பிடித்தேன். ஒருநாள் மருமகள், "மாமா, வாஷிங் மெஷினைத் தொட்டா சுள்ளுனு இழுக்குது" என்றாள். "ஈரக் கையோட தொட்டிருப்பேம்மா" என்றேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன்.

தீபாவளிக்குத் திருநெல்வேலியிலிருந்து என் மைத்துனர் வந்தார், ஐ.டி.ஐ. படித்த எலெக்ட்ரீஷியன். விஷயம் காதில் விழுந்ததும் மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயிண்டைக் கழற்றினார். "அத்தான், மூணாவது ஓட்டைக்குப் பின்னால வயரே இல்லை. சும்மா அழகுக்கு வச்சிருக்கான்" என்றார். வீடு முழுவதும் அப்படித்தான். எர்த் என்பதே இல்லை. அதே மெஷினுக்குப் பக்கத்தில்தான் பேரன் தினமும் குளித்துக்கொண்டிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

புதிதாக எர்த் குழி தோண்டினோம். எல்லாப் பாயிண்டுகளுக்கும் செம்புக் கம்பியில் எர்த் இழுத்தோம். ஹீட்டருக்குத் தனி லைன். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தோம். மின்சாரம் மனித உடல் வழியாகக் கசிந்தால் நொடிப்பொழுதில் லைனைத் துண்டிக்கும் கருவி அது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வீட்டில் ஒருவர் 'இழுக்கிறது' என்றால் விளக்கம் சொல்லாதீர்கள். மெயினை அணையுங்கள்.

பாடம் 5: உறவினர் உதவி

எங்கள் வீட்டில் எல்லோரும் உழைத்தோம். ஆனால் எந்த வேலை யாருக்கு என்பதில் கண்டிப்பு வேண்டும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டுதல், ஜன்னல் கம்பிகளைத் தேய்த்து பெயிண்ட் அடித்தல், சாமான் எண்ணி வாங்குதல் இவை வீட்டாருக்கு. மின்சாரம், உயரத்து வேலை, இடிப்பு வேலை தெரிந்தவருக்கு. கணக்கு நோட்டு மருமகளிடம் இருந்தது. அவள் கையெழுத்தில்லாமல் எனக்கும் பணம் கிடையாது. சமையல் மேடையின் உயரத்தை என் மனைவியை நிற்கவைத்து, கையில் தோசைக்கரண்டி கொடுத்து அளந்தோம். பழைய மேடையைவிட மூன்று அங்குலம் இறங்கியது. அவள் தோள்வலியும் குறைந்தது.

பூச்சை நனைப்பதும் வீட்டார் வேலையே. இங்குள்ள மிஸ்திரிகள் அதைத் 'தராயி' என்பார்கள். மணல் 'ரேதி', ஜல்லி 'கிட்டி'. இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் பாதி வேலை நடக்கும். காங்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் 10 நாள் ஈரம் காயக் கூடாது. நாக்பூர் வெயிலில் ஒருநாள் தவறினாலும் பலன் போய்விடும். வேலையாள் மாலையில் போய்விடுவார். வாளியோடு நிற்க வேண்டியவர் நாம்தான்.

நினைவில் கொள்க

1. வாங்குமுன் வக்கீல் மூலம் பழைய பதிவுகளையும் கடன் பாக்கியையும் தேடச் சொல்லுங்கள்.
2. மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை வீட்டைப் பாருங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள்.
3. முதலில் நீர், அடுத்து மின்சாரம், பிறகு சுவர், கடைசியில் பெயிண்ட்.
4. ஒதுக்கிய தொகைக்கு மேல் கால் பங்கு தனியே வையுங்கள்.
5. முகூர்த்த நாளுக்காக வேலையை முடிக்காதீர்கள். வேலை முடிந்தபின் நாள் பாருங்கள்.

பழைய வீடு வாங்கலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். வாங்குமுன் என்னைக் கூப்பிட்டால் சுத்தியலோடு வருகிறேன். பேரனையும் அழைத்து வருவேன். தேதி எழுத மறக்காதவன் அவன்தான்.